திரையும் கண்ணாடியும்

மனிதன் தன் கையைக் காண்கிறான், காலைக் காண்கிறான், தன் முகத்தை மட்டும் தானே காண இயலாதவனாக இருக்கிறான். முகத்தைக் காண அவனுக்கு நீர்நிலை வேண்டும், கண்ணாடி வேண்டும், அல்லது எதிரே நிற்பவனின் கண் வேண்டும். உடம்பின் முகத்திற்கு உள்ள இந்தக் குறை உள்ளத்தின் முகத்திற்கும் உண்டு. ‘நான் அழகில்லாதவள்’, ‘நான் அறிவில் குறைந்தவன்’, ‘என்னால் இது ஆகாது’ என்று இளையோர் தம்மைப் பற்றித் தாமே முடிவு செய்துகொள்ளும்பொழுது, அந்த முடிவு அவர்களுக்குள்ளேயே முளைத்தது என்று நாம் எண்ணுகிறோம். அவர்களும் அவ்வாறே எண்ணுகிறார்கள். ஆனால், அந்தத் தீர்ப்பை முதலில் எழுதியவர் யார் என்று தேடிக்கொண்டு போனால், தாயின் முகம், தெருவின் பேச்சு, ஆசிரியரின் புருவம் என்று பல சாட்சிகள் வந்து நிற்பதைக் காணலாம். அந்தச் சாட்சிகளின் வரிசையில் மிக உரத்த குரலோடு நிற்பது திரை. முதலில் அது வெள்ளித்திரையாக வந்தது. 1963இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொலைக்காட்சியாக வீட்டுக்குள் நுழைந்தது. இன்று உள்ளங்கை அளவாகிச் சட்டைப் பையில் கிடக்கிறது.

திரை இளையோரை என்ன செய்கிறது என்னும் கேள்வி புதியதன்று. நம் சங்கக் கூட்டங்களிலும் ஆண்டு மலர்களிலும் எத்தனையோ முறை பேசப்பட்டதுதான். பேசியவர்கள் பெரும்பாலும் ஒரே குற்றச்சாட்டைத்தான் கூறினர்: பிள்ளைகள் பார்த்துக் கெடுகிறார்கள், கதாநாயகனைப் போல் முடி வளர்க்கிறார்கள், அவனைப் போல் நடக்கிறார்கள், அவனைப் போல் புகைக்கிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. 1976இல் வெளிவந்த ‘மூன்று முடிச்சு’ படத்தின் காலந்தொட்டு, சிகரெட்டைத் தூக்கி எறிந்து வாயில் பிடிக்கும் ரஜினிகாந்தின் வித்தை எத்தனை பையன்களின் விரல்களுக்கு இறங்கியது என்பதை நாடறியும். அவருக்கு முந்திய தலைமுறையின் எம்.ஜி.ஆர். தம் படங்களில் புகைப்பதையும் குடிப்பதையும் பெரும்பாலும் தவிர்த்தார். தம்மைப் பார்த்து நடப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை அறிந்தே தவிர்த்தார். 2002இல் ‘பாபா’ வெளிவந்தபோது தமிழ்நாட்டில் அதன் புகைக்கும் காட்சிகளுக்கு எதிர்ப்புக் கிளம்பியதும் இந்த அச்சத்தினால்தான். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாமும் அவ்வாறே அடித்தனர் என்று ஆல்பர்ட் பண்டுரா 1961இல் அமெரிக்காவில் ஆய்ந்து காட்டினார். ஆய்வு இல்லாமலும் நம் பாட்டிமார்கள் அதை அறிந்திருந்தனர்.

எனினும், போலச் செய்தல் என்பது வெளிப்படையான ஒன்று. வெளியே தெரிவதனாலேயே அதைக் கண்டிக்கலாம், திருத்தலாம், பல வேளைகளில் அது தானாகவே உதிர்ந்தும் போகும். தோட்டப்புறங்களில் இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணியைக் கட்டித் திடலில் படம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. முன்புறம் இடம் கிடைக்காதவர்கள் துணியின் பின்புறம் அமர்ந்து பார்த்தனர். அவர்களுக்குக் கதாநாயகன் இடக்கையால் வாள் வீசினான். மறுநாள் லயத்து வாசலில் குச்சியைச் சுழற்றிய சிறுவர்களில் சிலர் இடக்கையால் சுழற்றினர் என்று மூத்தவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்தச் சிறுவர்கள் எவரும் வாள் வீசி வாழவில்லை. பால்மரம் வெட்டினார்கள், லாரி ஓட்டினார்கள், சிலர் ஆசிரியர்களானார்கள். தண்டலுக்கு முன்னால் தலைகுனிந்து நின்ற தகப்பனின் மகனுக்கு, யாருக்கும் தலைகுனியாத ஒருவனை வாரம் ஒரு முறையேனும் பார்ப்பது தேவையாகவும் இருந்திருக்கும். அந்த வாள் அவனைக் கெடுத்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போலச் செய்வதைக் காட்டிலும் ஆழமான வேறொன்றைத் திரை செய்கிறது. ‘நீ இவனைப் போல் ஆகு’ என்று அது சொல்வதில் பெரிய தீங்கில்லை. ‘நீ உன்னை இந்தக் கண்ணால் பார்’ என்று அது ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறதே, அதுதான் எண்ணிப் பார்க்கத்தக்கது. கொடுக்கப்பட்ட கண் நம் கண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு அதைப் பிறர் கண் என்று பிரித்தறிவது அரிது.

ஒரு சான்றை விரிவாகவே பார்க்கலாம். 2007இல் ‘சிவாஜி’ என்னும் படம் வெளிவந்தது. இங்கும் அரங்குகள் நிரம்பி வழிந்தன. அந்தப் படத்தில் நாயகன் தன் நிறத்தை வெளுக்கச் செய்யப் படாத பாடு படுகின்ற நகைச்சுவைப் பகுதி ஒன்று உண்டு. ஒரு பாடற்காட்சியில் அவன் வெள்ளைக்காரனைப் போல் வெளுத்தே வருகிறான். ஐரோப்பியப் பெண் ஒருத்தியின் தோல்நிறத்தைப் படமெடுத்து, அதைக் கணினியின் வழியே நாயகனின் உடம்பில் ஒட்டவைத்து அந்தக் காட்சியை உருவாக்கினர். கறுத்த நிறத்தோடு வந்து தமிழுலகத்தின் உச்சியில் ஏறி அமர்ந்த ஒரு நடிகர் அவர். அவரைப் பார்த்து ‘நம் நிறத்தவரும் நாயகராகலாம்’ என்று நிமிர்ந்தவர்கள் இலட்சக்கணக்கானோர். அவருடைய தோலையே மாற்றிக் காட்டியதைத் தொழில்நுட்பச் சாதனை என்று ஏடுகள் புகழ்ந்தன. சாதனைதான், மறுக்கவில்லை. எதற்குச் செலவிடப்பட்ட சாதனை என்பதே என் கேள்வி.

அதே படத்தில் இன்னொன்றும் வருகிறது. அண்டை வீட்டுக்காரர் தம் இரு மகளிரை அறிமுகப்படுத்துகிறார். அந்தப் பெண்களின் முகங்களில் கரிய சாயம் பூசப்பட்டிருக்கிறது. அவர்களைக் கண்டதும் நாயகனும் அவன் துணைவனும் அஞ்சி விலகுவதும், அதைக் கண்டு அரங்கம் சிரிப்பதுமே நகைச்சுவை. அந்த இரு பெண்களுக்கும் சூட்டப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் யாருடையவை என்று சொல்லவேண்டியதில்லை. பறம்புமலையை ஆண்ட பாரியின் மகளிர் அவர்கள். புறநானூறு அவர்களைப் பாரி மகளிர் என்று மட்டுமே குறிக்கின்றது. அங்கவை, சங்கவை என்னும் பெயர்களைப் பின்னர் வந்த தனிப்பாடல் மரபு தந்தது. மூவேந்தரும் முற்றுகையிட்டுத் தந்தையைக் கொன்ற பின்னர், இழந்த குன்றையும் இழந்த தந்தையையும் நினைந்து, நிலவொளியில் அவர்கள் பாடியதாக உள்ள புறப்பாட்டு ஐந்தே அடிகள் கொண்டது. தமிழில் அதனினும் சுருங்கிய சொற்களில் அதனினும் பெரிய துயரத்தைச் சொன்னவர்கள் அரியர். தந்தையின் நண்பரான கபிலர் அப்பெண்களுக்கு மணமகனைத் தேடி விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்றார்; இருவரும் ஏற்கவில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மன்னர்களால் மறுக்கப்பட்ட அந்த மகளிர், 2007இல் முகத்தில் கரி பூசப்பட்டு மறுபடியும் மறுக்கப்பட்டனர். இந்த முறை மறுப்பைக் கண்டு மக்கள் கைதட்டினர்.

பெயரைப் பறிகொடுத்ததற்காகத் தமிழறிஞர்கள் வருந்தினர், தகும். ஆயினும், என் நினைவு அந்த அரங்கில் பத்தாம் வரிசையில் அமர்ந்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியிடமே செல்கிறது. அவளைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் அன்று அமர்ந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை. திரையில் பூசப்பட்ட சாயத்தின் நிறத்திற்கும் அவள் நிறத்திற்கும் அதிக வேறுபாடில்லை. திரையில் சிரிக்கிறார்கள். அது அவளைத் தொடாமலும் போகலாம். அவள் திரும்பிப் பார்க்கிறாள். வலப்புறத்தில் தாய் சிரிக்கிறாள். இடப்புறத்தில் அண்ணன் சிரிக்கிறான். பின்வரிசையில் யாரென்று தெரியாத இருநூறு பேர் சிரிக்கிறார்கள். இப்பொழுது அவள் என்ன செய்வாள்? அவளும் சிரிப்பாள். சிரிக்காமலிருந்தால் அந்த நகைச்சுவை தன்னைப் பற்றியது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! அந்தச் சிரிப்பின் கணத்தில்தான் அவள் தன்னைவிட்டு எழுந்துபோய்ப் பிறருடைய இருக்கையில் அமர்ந்து தன்னைத் தானே பார்க்கக் கற்றுக்கொள்கிறாள். அந்தப் பாடத்தை நடத்தியது திரை. முத்திரை குத்தியது பக்கத்து இருக்கை.

இதற்கு இரண்டு மறுப்புகள் கூறப்படும். முதலாவது, ‘இது வெறும் பொழுதுபோக்கு, நகைச்சுவையைப் போய் இவ்வளவு ஆராய்வானேன்?’ என்பது. அறிவுரையைக் கேட்கும்பொழுது மனம் வாயிலில் காவல் வைத்துக்கொள்கிறது. சிரிக்கும்பொழுது காவலன் உறங்கிவிடுகிறான். பொழுதுபோக்கு என்னும் ஒரே காரணத்தால்தான் அது ஆழப் பதிகிறது. இதற்குமேல் இந்த மறுப்புக்கு விடை தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ‘சமுதாயத்தில் உள்ளதைத்தான் திரை காட்டுகிறது. மணமகள் தேவை என்னும் விளம்பரங்களில் “நல்ல சிவந்த நிறம்” என்று எழுதியது திரைப்பட இயக்குநரா? முகம் வெளுக்கும் களிம்பைக் கடையில் வாங்கியது நடிகரா?’ என்று கேட்பார்கள். உண்மைதான். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் களிம்பு இந்தியச் சந்தைக்கு வந்தது 1975இல். அதற்கு முன்பே அதை வாங்கக்கூடிய மனம் அணியமாக இருந்திருக்க வேண்டும். 2020இல் உலகெங்கும் நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்தபோது அந்தக் களிம்பு ‘குளோ அண்ட் லவ்லி’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது, விற்பனை நிற்கவில்லை.

ஆனால், இந்த மனம் தமிழனுக்கு என்றுமே இருந்ததா? அங்குதான் நம் பழைய நூல்கள் கைகொடுக்கின்றன. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகைச் சொல்லும் சொற்களில் ஒன்று மாமை. மாந்தளிரின் ஒளியுடைய கருமை கலந்த நிறம் அது. தலைவன் பிரிந்த துயரத்தில் அவள் மேனியில் வெளிறிய பசலை படர்கிறது. மாமையழகைப் பசலை தின்றுவிட்டதே என்று அவள் வருந்துகிறாள். திருக்குறளின் காமத்துப்பாலில் ‘பசப்புறு பருவரல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கின்றது. வெளுப்பது நோய், மாநிறமே நலம் என்று பாடிய மொழி இது. அந்த மொழியைப் பேசுகின்ற பெண், பசலையைப் பணம் கொடுத்து வாங்கிப் பூசிக்கொள்கிறாள். ஆகவே, உள்ளதைத்தான் காட்டுகிறோம் என்று திரைக்காரர்கள் சொல்லும்பொழுது, நம்மிடம் உள்ளவற்றில் எதைத் தேர்ந்தெடுத்துக் காட்டினீர்கள் என்று திருப்பிக் கேட்க நமக்கு உரிமையுண்டு. கண்ணாடி தேர்ந்தெடுப்பதில்லை. திரை ஒவ்வொரு கணமும் தேர்ந்தெடுக்கிறது.

கண் எப்பொழுது கொடுக்கப்படுகிறது? நாம் நினைப்பதைவிட முன்னதாகவே. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளநூலறிஞர் இணையர் 1940களில் மூன்று முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளுக்கு முன் பொம்மைகளை வைத்தனர். நிறத்தைத் தவிர அவற்றுள் வேறுபாடில்லை. எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டனர். கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றனர். பிறகு, ‘உன்னைப் போல் இருக்கும் பொம்மை எது?’ என்று கேட்டபொழுது சில குழந்தைகள் அழுதன. சில அறையைவிட்டு ஓடின. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வுக்கும் இடம் கிடைத்தது.

அமெரிக்காவுக்குப் போவானேன்? நம் பிள்ளைகளின் வண்ணக்கோல் பெட்டியைத் திறந்து பாருங்கள். இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த வெளிறிய கோல் ஒன்று இருக்கும். அதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ‘தோல் நிறம்’. ‘அந்தத் தோல் நிறத்தைக் கொடு’ என்று கறுத்த கை நீட்டிக் கேட்பதை எந்தத் தமிழ்ப்பள்ளியிலும் கேட்கலாம். அம்மா, அப்பா, தான் என்று வரைந்து, மூவர்க்கும் அந்தக் கோலையே தீட்டுகிறார்கள். மரத்தின் அடிப்பகுதிக்குத்தான் பழுப்பு. கறுப்பு முடிக்கு.

ஃபிஜித் தீவில் நடந்ததையும் இங்கே சொல்லவேண்டும். கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் கப்பலேறிப் போன அதே ஃபிஜிதான். ஆனால், நான் சொல்வது அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண்களைப் பற்றியது. பருத்த உடம்பை நலத்தின் அடையாளமாகவும், குடும்பம் ஒருவரைப் பேணுகின்ற பரிவின் அடையாளமாகவும் கொண்டாடியது அவர்களுடைய மரபு. நட்ரோகா மாநிலத்திற்குத் தொலைக்காட்சி 1995இல் வந்தது. வந்த சில வாரங்களில் ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் பள்ளிப் பெண்கள் 63 பேரிடம் உணவுப் பழக்கம் குறித்து வினவினார். மூன்றாண்டு கழித்து 1998இல் அதே வயதுடைய 65 பெண்களிடம் வினவினார். உண்பதில் கோளாறு இருப்பதைக் காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் முதல்முறை நூற்றுக்கு 13 பேர். அடுத்தமுறை 29 பேர். உடல் மெலிவதற்காக உண்டதை வலிந்து வாந்தியெடுப்பவர் முதல்முறை ஒருவருமில்லை. அடுத்தமுறை நூற்றுக்கு 11 பேர். இரண்டு முறையும் வினவப்பட்டவர்கள் வெவ்வேறு பெண்கள் என்பதால், எல்லாவற்றிற்கும் தொலைக்காட்சியே காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. மூன்றாண்டில் ஊரில் வேறு பல மாறுதல்களும் நடந்திருக்கும். ஆயினும், பாட்டியின் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த உடம்பு பேத்தியின் கண்ணுக்குக் குற்றமாகத் தெரியத் தொடங்கியதற்கு அந்தப் பெட்டியும் ஒரு காரணம் என்பதை அப்பெண்களே ஆய்வாளரிடம் கூறினர்.

இதுவரை பெண்களைப் பற்றியே பேசிவிட்டேன். ஆண்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கண் வேறு வகையானது. நம் நாட்டுத் தமிழ் இளைஞன் திரையில் தன்னைத் தேடும்பொழுது, வெகுகாலம் அவன் கண்டது இரண்டு உருவங்களையே: தமிழ்நாட்டிலிருந்து வந்த, தன் ஊரோடு தொடர்பில்லாத நாயகன் ஒருவன், உள்ளூர்ச் செய்தியில் முகம் மறைத்து அழைத்துச் செல்லப்படும் கைதி மற்றொருவன். இடையில் தைப்பூசக் காவடியும் தீபாவளி முறுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும். வேலைக்குப் போய், வாடகை கட்டி, தங்கையைப் படிக்கவைக்கும் இயல்பான இளைஞன் அந்தத் திரையில் அரிதாகவே தோன்றினான்.

2016இல் பா. இரஞ்சித் இயக்கிய ‘கபாலி’ வந்தபோது இங்கு எழுந்த ஆரவாரத்தை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ளவேண்டும். மலேசியத் தமிழனை நடுவில் நிறுத்தி அத்தகைய பெரும்படம் அதற்குமுன் வந்ததில்லை. நாயகன் குண்டர் கும்பலின் தலைவன். ஆகவே, இளையோர் கெடுவர் என்று அஞ்சினோர் உண்டு. இந்நாட்டில் திரையிடப்பட்ட படத்தின் முடிவில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்று எழுத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. இரண்டரை மணிநேரம் கண்ணால் பார்த்ததை ஒரு வரி எழுத்து அழித்துவிடும் என்று நம்பியவர்களின் வெள்ளையுள்ளத்தை என்னென்பது! என் கருத்தில் அந்தப் படத்தின் துப்பாக்கிகளைக் காட்டிலும் அதன் கோட்டும் நாற்காலியும் முக்கியமானவை. தோட்டத்தில் பிறந்தவன் கோட்டணிந்து, காலின்மேல் கால் போட்டு, நிமிர்ந்து அமர்கிறான். அதைக் கண்டு விசிலடித்த பையன்களில் பெரும்பாலோர் கத்தியைக் கேட்கவில்லை. அந்த இருக்கையைக் கேட்டார்கள். ஆனால், அந்த இருக்கைக்குச் செல்லும் வழி கும்பலின் வழியாக மட்டுமே காட்டப்பட்டது என்பதும் உண்மை. மதிப்பும் வன்முறையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தரப்பட்டால், அவிழ்த்துப் பிரிக்கத் தெரிந்தவன் பிழைப்பான். தெரியாதவனின் கதி என்ன?

அந்தக் கதியைச் சொன்ன படம் நம் மண்ணிலேயே உருவானது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த ‘ஜகாட்’, 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. தோட்டங்கள் கைவிட்ட குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கிய 1990களின் தொடக்கம். அப்போய் என்னும் சிறுவன். படித்து முன்னேறு என்று அடித்துச் சொல்லும் தகப்பன். சிறுவன் மக்கு அல்லன்; கற்பனை நிறைந்தவன். பள்ளியும் வீடும் அவனைக் குறும்பன் என்னும் ஒரே கண்ணால் பார்க்கின்றன. அவனை ஆள் என்று மதித்துப் பார்ப்பவர்கள் கும்பலில் இருக்கிறார்கள். அவன் எங்கே போவான் என்று கேட்கவேண்டுமா? சினிமா ஒரு பையனைக் கும்பலுக்கு அனுப்புகிறது என்று சொல்பவர்கள், அதற்கு முன்னால் அவனைத் திரும்பிப் பாராதவர் எத்தனை பேர் என்பதையும் கணக்கிடவேண்டும்.

‘அப்படியானால் பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரிகளைக் காட்டுவோம்’ என்பது உடனே தோன்றும் தீர்வு. நல்லதுதான். ஆனால், முன்மாதிரிக்கும் வெறும் உருவத்திற்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம். உருவம், போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும் காட்டுகிறது. முன்மாதிரி, போன வழியைக் காட்டுகிறது. நம் தமிழ் நாளேடுகள் பல ஆண்டுகள் ஆறாம் ஆண்டுச் சோதனையில் 7 ‘ஏ’ பெற்ற பிள்ளைகளின் படங்களைப் பக்கம் பக்கமாக வெளியிட்டன. ஊக்குவிக்க வேண்டும் என்னும் நல்லெண்ணமே காரணம். ஆயினும், 4 ‘ஏ’ பெற்ற பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தப் பக்கம் என்ன சொல்லிற்று? ‘உன் முகம் இதில் இல்லை’ என்று சொல்லிற்று. வழியைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் காட்டும்பொழுது முன்மாதிரியும் களிம்பு விளம்பரமாகிவிடுகிறது. 2021இல் அந்தச் சோதனையே எடுக்கப்பட்டுவிட்டது. படம் போடும் பழக்கம் வேறு சோதனைகளுக்கு மாறிக்கொண்டது.

வழியைக் காட்டியவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. மணி ஜெகதீசன் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது பதினாறு. 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுகளில் மூன்று தங்கம் வென்றார். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி அரையிறுதியை எட்டினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டே மருத்துவம் படித்து மருத்துவரானவர் அவர். காற்பந்துக் கோல்காவலர் ஆர். ஆறுமுகம் தம் நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் பெற்றார். 1988இல் சாலை விபத்தில் அவர் மறைந்தபோது இனவேறுபாடின்றி நாடே அழுதது. எம். இராஜாமணி 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய மலேசியப் பெண். 1966 பாங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்று, அவ்வாண்டு முதன்முதலாக வழங்கப்பட்ட தேசிய விளையாட்டு வீராங்கனை விருதைப் பெற்றவர். இவர்களுடைய புகழ் உடம்பில் பூசிய ஒன்றன்று. உடம்பால் செய்த ஒன்று. பார்க்கும் பிள்ளை ‘நான் எப்படித் தெரிகிறேன்?’ என்று கேட்பதை விட்டு, ‘என்னால் எதைச் செய்ய முடியும்?’ என்று கேட்கத் தூண்டும் புகழ்.

இனி, கைப்பேசி. இதைப் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை, எல்லோரும் பேசுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்வேன். திரையும் கண்ணாடியும் வேறுவேறாக இருந்தன என்றேன். கைப்பேசியில் அவை ஒன்றாகிவிட்டன. முன்பக்கக் கேமராவைத் திறந்தால் திரையே கண்ணாடி; ஆனால், தோலை வெளுத்து, மூக்கைக் கூராக்கித் திருத்திக் காட்டும் கண்ணாடி. அரங்கில் படம் முடிந்ததும் விளக்கு எரிந்தது, வெளியே வந்தோம். இங்கு விளக்கு எரிவதில்லை. இளம்பெண் தானே நடிகை, தானே பார்வையாளர், விருப்பக் குறிகளை எண்ணிக்கொண்டிருக்கும் வசூல் கணக்கரும் தானே. தம் உடம்பைப் பற்றி மனம் நொந்திருக்கும் வேளையில் ‘இன்ஸ்டகிராம்’ அதை மேலும் மோசமாக்கியது என்று பதின்ம வயதுப் பெண்களில் நூற்றுக்கு 32 பேர் கூறியதாக அந்த நிறுவனத்தின் உள்ளாய்வுத் தாள்களே கூறின. அவை வெளிவந்தது 2021இல். பதினாறு வயதுக்கு உட்பட்டோர்க்குச் சமூக வலைத்தளக் கணக்குக் கூடாது என்று ஆஸ்திரேலியா 2024இல் சட்டம் இயற்றியது. கதவைச் சாத்தலாம், தவறில்லை. ஆனால், கலியாண வீட்டு வாசலில் நின்றுகொண்டு, ‘என்னடி இப்படிக் கறுத்துப்போயிட்டே?’ என்று வரவேற்கும் அத்தைக்கு எந்த நாட்டில் சட்டம் இருக்கிறது? பத்தாம் வரிசைச் சிறுமிக்குப் பக்கத்தில் அமர்ந்து சிரித்தவர்கள் நாம்தான்.

எங்கள் குடியிருப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். மாவட்ட அளவில் 400 மீட்டர் ஓடியவள். பதினைந்தாம் வயதில் ஓட்டத்தை விட்டுவிட்டாள். அக்காள் திருமணத்திற்கு நான்கு மாதம் இருந்தது. வெயிலில் ஓடினால் புகைப்படத்தில் கறுப்பாகத் தெரியும் என்று வீட்டில் சொன்னார்கள். தனக்கும் அது சரியென்று பட்டது என்றாள். திருமணம் முடிந்து ஓராண்டாகியும் திடலுக்குத் திரும்பவில்லை. கண்டித்துப் பேசுவதில் பயனில்லை என்பதால் அவளிடம் இராஜாமணியைப் பற்றிச் சொன்னேன். பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்றாள். தமிழ்ப் பெண்ணா என்று கேட்டாள், ஆம் என்றேன். எந்த நிறம் என்று கேட்டாள். அந்தக் காலத்து நாளேட்டுப் படங்கள் கறுப்பு வெள்ளை. நிறம் தெரியாது என்றேன். சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, எத்தனை வினாடியில் ஓடினார் என்று கேட்டாள்.